எலும்பைப் பார்த்தோம்... நெஞ்சைப் பார்த்தோமா?

"எலும்பு டாக்டர்தான் உங்ககிட்ட காட்டச் சொன்னார், சார். ஆனா இவனுக்கு நெஞ்சுல ஒண்ணும் கிடையாது. சளி, இருமல்கூட இல்லை. கால்லதான் பிரச்னையே!"

மகனைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்த அந்தத் தாய், உட்காருவதற்கு முன்பே இப்படித்தான் ஆரம்பித்தார். இரண்டு வருடங்களுக்கு முன் நடந்தது இது. பையனுக்கு வயது 15. உயரமோ ஐந்து வயதுக் குழந்தையின் உயரம். முகத்தில் நல்ல களை, கண்ணில் குறும்பு. மடியில் தலையணை மாதிரி ஒரு ஃபைல். பிறந்ததிலிருந்து எத்தனை முறை எலும்பு முறிந்திருக்கிறது என்று கேட்டேன்.

"முப்பது வரைக்கும் எண்ணினேன். அப்புறம் எண்றதை விட்டுட்டேன், சார்."

வளைந்துபோன தொடையெலும்பை நிமிர்த்திக் கம்பி வைக்க ஆபரேஷன். மயக்க மருந்து கொடுப்பதற்கு முன் நுரையீரல் எப்படி இருக்கிறது என்று பார்த்துச் சொல்லும்படி ஒரு சீட்டு. விஷயம் அவ்வளவுதான். ஸ்டெதஸ்கோப்பை எடுக்காமல் பையனிடம் பேச்சுக் கொடுத்தேன்.

"தம்பி, ராத்திரி நல்லாத் தூங்குறியா?"

"தூங்குவேன் சார். ஆனா அடிக்கடி முழிப்பு வந்துடும்."

"காலையில எழுந்திருக்கும்போது எப்படி இருக்கு?"

"தலை வலிக்கும். குளிச்சு, டிபன் சாப்பிட்டா சரியாயிடும்."

தாய் குறுக்கிட்டார். "கண்ணுல பவர் இருக்கும்னு நெனச்சுக் கண்ணாடிகூட மாத்திட்டோம். மத்தியானம் கிளாஸ்ல தூங்கிடறான்னு ஸ்கூல்லேருந்து கம்ப்ளைண்ட் வேற. ராத்திரி ஒளிஞ்சு ஒளிஞ்சு செல்போன் பாக்குறான்னு நான் திட்டிட்டு இருக்கேன்."

கண்ணாடியும் காரணமில்லை, செல்போனும் காரணமில்லை. தூக்கத்தில் அந்தப் பையனின் நுரையீரல், உள்ளே சேரும் கரியமில வாயுவை வெளியே தள்ள முடியாமல் திணறிக்கொண்டிருந்தது. அதுதான் காலைத் தலைவலி. அதுதான் மத்தியானத் தூக்கம். பாவம், அதற்குத் திட்டு வேறு!

பதினைந்து வருடமாக அந்தக் குடும்பம் அவனைக் கண்ணின் மணி போலத்தான் காப்பாற்றியிருக்கிறது. எந்த எலும்பு முறிந்தாலும் ஓடியிருக்கிறார்கள். ஆனால், "மூச்சு எப்படி இருக்கிறது?" என்று யாரும் ஒருதடவைகூடக் கேட்கவில்லை. டாக்டர்களாகிய நாங்களும்தான்.

அது என்ன நோய்?

ஆஸ்டியோஜெனசிஸ் இம்பெர்ஃபெக்டா. வாயில் நுழையாத பெயர். 1849-ல் வில்லெம் வ்ரோலிக் என்ற ஹாலந்து நாட்டு டாக்டர் வைத்தது. அரைகுறையாக உருவான எலும்பு என்று அர்த்தம். டாக்டர்கள் சுருக்கமாக 'ஓ.ஐ.' என்பார்கள். 'கண்ணாடி எலும்பு நோய்' என்றும் சொல்வதுண்டு. சுமார் 15,000 முதல் 20,000 பிறப்புகளுக்கு ஒரு குழந்தைக்கு வருகிறது. அபூர்வம்தான். ஆனால் நம் ஜனத்தொகைக்கு, அந்த அபூர்வமே ஆயிரக்கணக்கான வீடுகளில் இருக்கிறது.

எலும்பு எளிதில் முறிவது பிரதான அடையாளம். சிலருக்கு வெண்விழி நீலம் பூத்திருக்கும். சிலருக்குப் பல் பழுப்பாக, மாவு மாதிரி உதிரும். வயதானபின் காது மந்தமாகலாம்.

காரணம் என்ன? கயிறு திரிப்பதைப் பார்த்திருக்கிறீர்களா? மூன்று புரியைச் சேர்த்து முறுக்குவார்கள். நம் உடம்பிலும் அப்படி மூன்று புரிக் கயிறு ஒன்று இருக்கிறது. கொல்லாஜன் என்று பெயர். அதில் முதல் வகைக் கொல்லாஜன்தான் எலும்பு, தோல், தசைநார் எல்லாவற்றையும் கட்டி நிறுத்தியிருக்கிறது. ஒவ்வொரு புரியும் அமினோ அமிலங்கள் கோத்த ஒரு சங்கிலி. அதில் மூன்றாவது இடம் தோறும் கிளைசின் என்ற மிகச் சின்ன அமிலம்தான் உட்கார வேண்டும். முறுக்கின் உள்பக்கத்தில் அதற்கு மட்டும்தான் இடம். மரபணுவில் ஒரே ஒரு எழுத்துப் பிழை, அந்த இடத்தில் கொஞ்சம் பருமனான அமிலம் வந்து உட்கார்ந்துவிட்டால் போச்சு. அந்த இடத்தில் முறுக்கு சரியாக விழாது. இது கடுமையான வகை. லேசான வகையில் கயிறு நல்ல கயிறுதான், பாதி அளவுதான் தயாராகிறது.

"கால்சியம் மாத்திரை நிறையக் கொடுத்தா சரியாயிடுமா டாக்டர்?" என்று கேட்காத தாய் இல்லை. வீடு கட்டியவர்களுக்குப் புரியும்படி சொல்கிறேன். கால்சியம் என்பது கான்கிரீட்டில் சிமென்ட் மாதிரி. கொல்லாஜன்தான் உள்ளே இருக்கும் கம்பி. கம்பியில் கோளாறு என்றால் சிமென்டைக் கூட்டிக் கொட்டி என்ன பிரயோஜனம்? குறைவாக இருந்தால் கொடுக்க வேண்டியதுதான். ஆனால் அது மருந்தாகாது.

1979-ல் ஆஸ்திரேலிய டாக்டர் டேவிட் சிலன்ஸும் அவருடைய சகாக்களும் இதை நான்கு வகையாகப் பிரித்தார்கள். முதல் வகை லேசானது. இரண்டாவது வகையில் குழந்தை பிறந்த உடனேயே ஆபத்து. மூன்றாவது, வளர வளர உருக்குலைக்கும் கடுமையான வகை. நான்காவது நடுத்தரம். இன்றைக்கு இருபதுக்கும் மேற்பட்ட மரபணுக்கள் தெரிந்துவிட்டன. பட்டியல் நீண்டுவிட்டது. ஆனாலும் நாங்கள் பேசும்போது இந்த நான்கைச் சொல்லித்தான் பேசிக்கொள்கிறோம்.

பெரும்பாலும் இது பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் குழந்தைக்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பில் வரும். அல்லது பெற்றோர் இருவரும் நன்றாக இருக்க, குழந்தையின் மரபணுவில் புதிதாகப் பிழை ஏற்பட்டு வரும். இன்னொரு வழியும் உண்டு. தாய், தந்தை இருவரிடமும் வெளியே தெரியாமல் ஒளிந்திருக்கும் பிழை, இரண்டும் சேரும்போது வெளிப்படுவது. அக்கா மகள், மாமன் மகள், அத்தை மகன் என்று சொந்தத்துக்குள் கல்யாணம் செய்யும் குடும்பங்களில் இந்த வகை அதிகம். அப்படியானால் அடுத்த குழந்தைக்கும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு இருக்கிறது. மரபணு ஆலோசனை பெறாமல் அடுத்த கர்ப்பத்துக்குப் போகாதீர்கள். கிரகணத்தன்று வெளியே போனதால் வந்தது, மாசமாக இருக்கும்போது பாரம் தூக்கியதால் வந்தது என்று மருமகளைக் குத்திக்காட்டும் மாமியார்களுக்கு ஒரு வார்த்தை: அவர் எதுவும் செய்யவில்லை. நிறுத்திக்கொள்ளுங்கள்.

எலும்புக்கும் மூச்சுக்கும் என்ன சம்பந்தம்?

கொல்லன் பட்டறைத் துருத்தியை நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பக்கமும் கெட்டியான பலகை, நடுவே மடிப்புத் தோல். பலகை விரிந்தால் காற்று உள்ளே வரும். மூடினால் வெளியே போகும். நம் நெஞ்சும் துருத்திதான். விலா எலும்புகள்தான் பலகை. கீழே உதரவிதானம் என்ற தசை இறங்கி ஏறுகிறது.

ஓ.ஐ.யில் இந்தப் பலகையே வளைகிறது. முதுகெலும்பின் கட்டைகள் ஒவ்வொன்றாக நசுங்கி, உடம்பின் நடுப்பகுதி குள்ளமாகிவிடும். விலாவின் கீழ்முனை இடுப்பெலும்பில் வந்து உட்கார்ந்துவிடும். உதரவிதானம் இறங்க இடம் எங்கே? முதுகு பக்கவாட்டில் கோணினால், ஒரு பக்க நுரையீரல் நெருக்கியடித்துக்கொண்டு கிடக்கும். நெஞ்சு புறா நெஞ்சு மாதிரி முன்னால் தள்ளிக்கொள்ளலாம், குழி விழலாம், பீப்பாய் மாதிரி உருளலாம்.

இதில் விசித்திரமான ஒன்றையும் சொல்ல வேண்டும். மூச்சை இழுக்கும்போது நெஞ்சு விரியத்தானே வேண்டும்? இத்தாலி ஆராய்ச்சியாளர்கள் 2012-ல் வெளியிட்ட ஆய்வில், கடுமையான ஓ.ஐ. உள்ளவர்களின் நெஞ்சுக்கூட்டை அளந்து பார்த்தபோது, மூச்சை இழுக்கும் நேரத்தில் மேல் நெஞ்சு விரிவதற்குப் பதிலாக உள்ளே போவதைக் கண்டார்கள். மெல்லிய பலகை அல்லவா, தசை இழுத்தால் அது உள்ளே மடங்குகிறது. ஒவ்வொரு மூச்சிலும் பாதி உழைப்பு வீண்.

முதுகுக் கோணல் எவ்வளவு இருந்தால் கவலைப்பட வேண்டும்? 1999-ல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று, நெஞ்சுப் பகுதிக் கோணல் 60 டிகிரியைத் தாண்டும்போது நுரையீரலின் கொள்ளளவு மிகவும் பாதிக்கப்படுகிறது என்று காட்டியது. அதனால்தான் கோணலை எக்ஸ்ரேயில் அளந்து எழுதி வைக்கச் சொல்கிறோம்.

இவ்வளவுதான் என்று ரொம்ப காலம் நாங்களும் நினைத்துக்கொண்டிருந்தோம். முதுகு நேராக இருந்தால் நுரையீரலுக்குப் பயமில்லை என்று. அது தவறு என்று கடந்த பதினைந்து வருட ஆராய்ச்சியில் தெளிவாகி வருகிறது. கோணலே இல்லாத ஓ.ஐ.காரர்களிலும் சிலருக்கு நுரையீரலின் அளவு குறைந்திருக்கிறது.

யோசித்தால் ஆச்சரியமில்லை. நுரையீரலுக்குள் கோடிக்கணக்கான காற்றுப் பைகள் இருக்கின்றன. அவற்றின் சுவரையும், அவற்றைத் தாங்கும் வலையையும் பின்னியிருப்பது அதே முதல் வகைக் கொல்லாஜன் கயிறுதான். எலும்பில் பழுதான கயிறு, நுரையீரலில் மட்டும் நன்றாக இருக்குமா? துருத்தியின் பலகை மட்டுமல்ல, தோலும் பழுது. இந்த ஒரு விஷயத்தை நீங்கள் ஞாபகம் வைத்துக்கொண்டால் போதும், நான் எழுதியதற்குப் பலன் கிடைத்த மாதிரி.

மிஷேல் பெத்ருசியானி என்று பிரெஞ்சு நாட்டு பியானோ மேதை ஒருவர் இருந்தார். ஜாஸ் இசை கேட்பவர்களுக்குத் தெரிந்திருக்கும். 1962-ல் பிறந்தவர். ஓ.ஐ. காரணமாக மூன்றடிக்கு மேல் வளரவில்லை. பியானோவின் மிதிகட்டை காலுக்கு எட்டாது என்பதால் அதற்கு ஒரு நீட்டிப்புக் கருவி. மேடைக்கு யாராவது தூக்கிக்கொண்டு போய் உட்கார வைப்பார்கள். உட்கார்ந்துவிட்டால் அரங்கம் அதிரும். 1994-ல் பிரான்ஸ் அவருக்கு லெஜியன் ஆஃப் ஹானர் விருது கொடுத்தது. 1999 ஜனவரி 6-ந் தேதி நியூயார்க்கில் இறந்துபோனார். 36-வது பிறந்தநாள் முடிந்து பத்து நாள்கூட ஆகவில்லை. உயிரை எடுத்தது எலும்பு அல்ல, நுரையீரல் தொற்று.

கடுமையான ஓ.ஐ.யில் மரணத்துக்கு முதன்மைக் காரணம் மூச்சுக் கோளாறுதான். டென்மார்க்கில் நாடு முழுக்க உள்ள மருத்துவப் பதிவேடுகளை அலசி 2016-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். லேசான வகை, கடுமையான வகை எல்லாம் சேர்த்துக் கணக்கிட்டதில், ஓ.ஐ. உள்ள ஆண்களின் நடு ஆயுள் 72 வருடம், மற்ற ஆண்களுக்கு 82. பெண்களுக்கு 77, மற்ற பெண்களுக்கு 84. இதை இரண்டு விதமாகப் படிக்கலாம். ஆயுள் குறைகிறது என்பது ஒன்று. பெரும்பாலோர் எழுபதைத் தாண்டி வாழ்கிறார்கள் என்பது இன்னொன்று. ஓ.ஐ. குழந்தை என்றாலே கைவிட்டுவிடும் உறவினர்களுக்கு இரண்டாவதைச் சொல்லுங்கள்.

வீட்டிலேயே கண்டுபிடிப்பது எப்படி?

இருமல், சளி, மூச்சிரைப்பு வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது. மற்றவர்களுக்கு மாடிப்படி ஏறினால் இரைக்கும், உடனே தெரிந்துவிடும். நாற்காலியிலேயே இருப்பவர் எங்கே மாடிப்படி ஏறப் போகிறார்? அதனால் நோய் சத்தமில்லாமல் வளரும்.

முதலில் கோட்டைவிடுவது தூக்கத்தில்தான். தூங்கும்போது எல்லோருக்கும் மூச்சு கொஞ்சம் மேலோட்டமாகும். ஏற்கெனவே குறைந்த நுரையீரலுக்கு அதுவே பெரிய நஷ்டம். காலைத் தலைவலி, பகல் தூக்கம், படிப்பில் மந்தம், எரிச்சல், காலையில் சாப்பாடே வேண்டாம் என்பது, மல்லாந்து படுக்க மறுப்பது, இரவில் வியர்ப்பது, பலத்த குறட்டை, இரண்டு தலையணை மூன்றாவது... இவற்றில் இரண்டு மூன்று சேர்ந்து இருந்தால் நுரையீரல் டாக்டரிடம் போங்கள். பேசும்போது ஒரே மூச்சில் எத்தனை எண்ண முடிகிறது என்று பாருங்கள். போன வருடம் முப்பது வரை எண்ணியவர் இந்த வருடம் இருபதில் நிறுத்தினால், அது ஒரு சேதிதான்.

"எங்க வீட்ல ஆக்சிமீட்டர் இருக்கு டாக்டர், 97 காட்டுது" என்பார்கள். கொரோனா காலத்தில் வாங்கி அலமாரியில் போட்டது. நல்ல கருவிதான். ஆனால் அது ஆக்சிஜனை மட்டும் காட்டும். கரியமில வாயு எவ்வளவு தேங்கியிருக்கிறது என்று அதற்குத் தெரியாது. பகலில் 97 காட்டிக்கொண்டே இரவில் கரியமில வாயு ஏறிக்கொண்டிருக்கும் நோயாளிகள் உண்டு. 97-ஐப் பார்த்து நிம்மதியாகத் தூங்கிவிடாதீர்கள். 92-க்குக் கீழே இறங்கினால் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும் என்பதற்கு மட்டும் அதை வைத்துக்கொள்ளுங்கள்.

சரியான பரிசோதனை ஸ்பைரோமெட்ரி. மூச்சை முழுக்க இழுத்து, குழாயில் வேகமாக ஊதச் சொல்வார்கள். ஐந்தாறு வயது முதல் குழந்தைகள் ஊதிவிடுவார்கள். பத்து நிமிட வேலை. விலா எலும்பு சமீபத்தில் முறிந்திருந்தால் ஆறும்வரை தள்ளிப் போடலாம். நடுத்தர, கடுமையான வகைக்காரர்கள் வருடம் ஒருமுறையாவது ஊதிப் பார்க்க வேண்டும். முதுகு நேராக இருக்கும் லேசான வகைக்காரர்களும் ஒரு தடவை ஊதி, அந்த எண்ணை எழுதி வைத்துக்கொள்வது நல்லது.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. நம் பையன் ஊதியது 0.8 லிட்டர். மெஷின் உயரத்தை வைத்துக் கணக்குப் போடுகிறது. ஐந்து வயதுக் குழந்தையின் உயரம் என்று போட்டதும் 'பரவாயில்லை' என்று ரிசல்ட் கொடுத்தது. பதினைந்து வயதுப் பையன் சாதாரண உயரத்துக்கு வளர்ந்திருந்தால் என்று போட்டால் ஐந்தில் ஒரு பங்கு! எதை நம்புவது? இரண்டையும் அப்படியே நம்பாதீர்கள். அவனுடைய போன வருட எண்ணோடு இந்த வருட எண்ணை ஒப்பிட வேண்டும். அதற்காகத்தான் பேப்பரைப் பத்திரப்படுத்தச் சொல்கிறேன். முப்பது எக்ஸ்ரே இருந்த அந்த ஃபைலில் ஒரு ஸ்பைரோமெட்ரி பேப்பர்கூட இல்லை.

சந்தேகம் இருந்தால் இரத்த வாயுப் பரிசோதனை. கரியமில வாயு அளவு 35-லிருந்து 45-க்குள் இருக்க வேண்டும். அவனுக்குப் பகலிலேயே 45-ஐத் தாண்டியிருந்தது. இரவு முழுக்கத் தூங்க வைத்துப் பார்க்கும் ஸ்லீப் ஸ்டடியும் செய்தோம்.

பச்சைக் குழந்தை வீட்டில் இருந்தால்

கைக்குழந்தையை அக்குளில் கைகொடுத்துத் தூக்காதீர்கள். விலா நசுங்கும். ஒரு கை தலைக்கும் முதுகுக்கும், ஒரு கை பின்புறத்துக்கும் கொடுத்து, உள்ளங்கை விரித்துத் தாங்கலாகத் தூக்க வேண்டும். துணி மாற்றும்போது கணுக்காலைப் பிடித்துத் தூக்குவதும் கூடாது.

பாட்டிமார் கோபித்துக்கொள்ளக் கூடாது. காலை நீட்டி உட்கார்ந்து, குழந்தையைக் காலில் போட்டு, கையை முறுக்கிக் காலை நீவி எண்ணெய்க் குளியல் செய்விக்கிறீர்களே, இந்தக் குழந்தைக்கு அது வேண்டவே வேண்டாம். குளித்து முடித்து மூக்கில் எண்ணெய் விட்டு ஊதுவது, தொண்டையில் விரலை விட்டுச் சளி எடுப்பது, இவை எந்தக் குழந்தைக்குமே கூடாது. எண்ணெய் மூச்சுக்குழாய்க்குள் இறங்கினால் ஒரு தனி வகை நிமோனியாவே வரும். குறைந்த நுரையீரலுடன் பிறந்த குழந்தை அதைத் தாங்காது.

எலும்பை உறுதிப்படுத்த பாமிட்ரோனேட், ஜோலெட்ரோனிக் அமிலம் போன்ற மருந்துகளை நரம்பில் ஏற்றுகிறார்கள். நல்ல மருந்துகள். முதுகெலும்புக் கட்டைகள் நசுங்குவதைக் குறைக்கின்றன. ஆனால் முதல் தடவை ஏற்றும்போது காய்ச்சல் வரும். ஏற்கெனவே மூச்சுத் தொந்தரவு உள்ள கைக்குழந்தைகளுக்கு அந்தச் சமயத்தில் திணறல் ஏற்பட்டிருக்கிறது. ஆகவே முதல் டோஸ், குழந்தைக்கு மூச்சுக் கவனிப்பு இருக்கும் ஆஸ்பத்திரியில்தான். "பக்கத்து கிளினிக்கில் ஏத்திக்கலாமா?" என்றால், முதல் தடவை வேண்டாம்.

சளி பிடித்தால்... விலா முறிந்தால்...

சாதாரண ஜலதோஷம் மற்றவர்களுக்கு ஒரு வாரம். இவர்களுக்கு மூன்றாம் நாளே நிமோனியா ஆகலாம். இருமித் துப்பப் பலம் போதாது என்பதுதான் காரணம். காய்ச்சலுடன் வேகமாக மூச்சு வாங்கினால் "நாளைக்குப் பார்க்கலாம்" என்று இருக்காதீர்கள்.

பலத்த இருமலே விலாவை முறித்துவிடும். முறிந்த வலியில் மூச்சை மேலோட்டமாக விடுவார்கள், இருமவும் பயப்படுவார்கள். அடைபட்ட சளியில் கிருமி சேரும். இந்தச் சங்கிலியை அறுப்பது வலி மாத்திரைதான். "வலி மாத்திரை கெடுதல், பொறுத்துக்கோ" என்று சொல்வது இங்கே தப்பு. டாக்டர் சொன்ன அளவில் கொடுத்து, நன்றாக மூச்சு விடவும் இருமவும் வைக்க வேண்டும். மெத்தென்ற தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இருமினால் வலி குறையும். நெஞ்சைச் சுற்றித் துணியால் இறுக்கிக் கட்டுப்போடும் வழக்கம் இன்னும் இருக்கிறது. கட்டாதீர்கள். இருக்கும் கொஞ்ச மூச்சையும் அது பிடித்துக்கொள்ளும்.

சளியை வெளியேற்ற முதுகில் தட்டும் பிசியோதெரபி இவர்களுக்கு ஆகாது. விலா போய்விடும். புது இடத்தில் சேர்க்கும்போது ஃபைலின் மேல் அட்டையிலேயே எழுதி ஒட்டுங்கள்: 'ஓ.ஐ. நோயாளி. நெஞ்சில், முதுகில் தட்டக் கூடாது. பி.பி. பட்டையை அதிகம் இறுக்கக் கூடாது. கழுத்தைப் பின்னால் வளைக்கக் கூடாது.' சிரிக்காதீர்கள், பி.பி. பட்டை இறுகியே கை முறிந்த கதைகள் உண்டு.

இன்னொன்றும் சொல்லுங்கள். மூச்சுத் திணறலோடு போனால் உடனே ஆக்சிஜன் வைப்பார்கள். வைக்க வேண்டியதுதான். ஆனால் கரியமில வாயு தேங்கும் நோயாளிக்கு அதைக் கவனிக்காமல் ஆக்சிஜனை மட்டும் அதிகம் வைத்தால், எண் 99 காட்டும், ஆள் மயங்கிக்கொண்டே போவார். "இரத்த வாயு பார்த்தீர்களா?" என்று மரியாதையாகக் கேளுங்கள். கேட்பதில் தவறில்லை.

வேது பிடிப்பதில் எச்சரிக்கை. சட்டென்று நகர முடியாத குழந்தையின் மடியில் கொதிக்கும் பாத்திரத்தை வைப்பது விபரீதம். வீசிங் இருந்தால் இன்ஹேலருக்குப் பயப்பட வேண்டாம். மாதக்கணக்கில் விழுங்கும் ஸ்டீராய்டு மாத்திரைதான் எலும்பை மேலும் அரிக்கும். அதையே 'தூள் மருந்து', 'நாட்டு மருந்து' என்று பெயர் தெரியாமல் கொடுப்பவர்களும் இருக்கிறார்கள், ஜாக்கிரதை.

தடுப்பூசி விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். வருடா வருடம் ஃப்ளூ ஊசி. நிமோகாக்கஸ் தடுப்பூசி, 2021 முதல் நாடு முழுக்க அரசு அட்டவணையிலேயே கைக்குழந்தைகளுக்கு இலவசம். அதற்கு முன் பிறந்த பிள்ளைகளும் பெரியவர்களும் டாக்டரைக் கேட்டுப் போட்டுக்கொள்ள வேண்டும். வீட்டில் இருக்கும் மற்றவர்களும் ஃப்ளூ ஊசி போட்டுக்கொண்டால் இன்னும் நல்லது. அப்பா திண்ணையில் உட்கார்ந்து பீடி குடித்தாலும் புகை உள்ளே வரத்தான் செய்யும். கொசுவர்த்திச் சுருளுக்குப் பதில் வலை கட்டுங்கள்.

மூன்று பந்து உள்ள பிளாஸ்டிக் கருவியை ஆஸ்பத்திரியில் கொடுப்பார்கள். "பந்து ஊதுறது" என்றே அதற்குப் பெயர் வந்துவிட்டது. ஊதுவதற்கல்ல அது, உறிஞ்சுவதற்கு. மெதுவாக மூச்சை இழுத்துப் பந்தை மேலே நிறுத்திப் பிடிக்க வேண்டும். தண்ணீரில் இறங்கிச் செய்யும் உடற்பயிற்சி, நீச்சல், பாட்டு எல்லாமே நல்லது. உட்கார்ந்தே இருப்பதால் எடை ஏறும். தொப்பை மேலே தள்ளினால் உதரவிதானத்துக்கு இன்னும் கஷ்டம். பரிதாபப்பட்டு பிஸ்கட் பாக்கெட்டைப் பக்கத்தில் வைக்காதீர்கள்.

முதுகுக் கோணலுக்குக் கெட்டி பெல்ட் போட்டால் நிமிரும் என்று ஆயிரக்கணக்கில் செலவு செய்கிறார்கள். ஓ.ஐ.யில் பெல்ட் கோணலை நிறுத்துவதில்லை. மெல்லிய விலாவை அமுக்கி நெஞ்சைத்தான் கெடுக்கிறது. கோணல் கூடிக்கொண்டே போனால் ஆபரேஷன் பற்றி யோசிக்க வேண்டும். மூச்சு ரொம்பக் குறைந்தபின் அந்த ஆபரேஷனே ஆபத்தாகிவிடும் என்பதால், சீக்கிரமே பேச்சை ஆரம்பிப்பது நல்லது. ஓ.ஐ. உள்ள பெண் கர்ப்பமானால், குள்ளமான உடம்பில் குழந்தை வளர வளர மூச்சுக்கு இடம் குறையும். மகப்பேறு டாக்டரோடு நுரையீரல் டாக்டரும் ஆரம்பத்திலிருந்தே பார்க்க வேண்டும்.

நம் பையனுக்கு வருவோம். கால் ஆபரேஷன் அவசரமில்லை என்பதால் தள்ளி வைத்தோம். இரவில் பைபேப் என்ற கருவியை மாட்டச் சொன்னேன். மூக்கில் முகமூடி மாதிரி பொருத்தினால், மூச்சை இழுக்கும்போது காற்றைத் தள்ளிக் கொடுக்கும், விடும்போது தணிந்துகொள்ளும். தொண்டையில் துளை எதுவும் கிடையாது. "ஐயோ, மெஷின்ல வச்சிட்டாங்களா?" என்று பாட்டி அழுதார்களாம். முதல் நான்கு நாள் பையனும் கழற்றி வீசினான். ஐந்தாம் நாள் காலையில் எழுந்தவன், "அம்மா, இன்னிக்குத் தலை வலிக்கலை" என்றானாம். அதற்குப் பிறகு அவனே மாட்டிக்கொள்ள ஆரம்பித்துவிட்டான்.

ஆறு வாரம் கழித்து ஆபரேஷன் நடந்தது. மயக்க டாக்டர் முன்கூட்டியே எல்லாம் தெரிந்துகொண்டு தயாராக இருந்தார். ஆபரேஷன் முடிந்த அன்றிரவே பைபேப் மாட்டினோம். நிமோனியா வரவில்லை.

சென்ற மாதம் பரிசோதனைக்கு வந்திருந்தார்கள். ஃபைலில் ஸ்பைரோமெட்ரிக்கென்று தனிப் பகுதி ஒதுக்கியிருந்தார் அந்தம்மா. ஒவ்வொரு பேப்பரின் மேலும் தேதி, பெரிய எழுத்தில். பையன் கிளம்பும்போது தயங்கித் தயங்கிக் கேட்டான்.

"சார், நான் புல்லாங்குழல் கத்துக்கலாமா? மூச்சு போயிடும்னு அம்மா வேணாங்கறாங்க."

"தாராளமாக் கத்துக்கோ. நாதஸ்வரம் வேண்டாம், தம் கட்டி ஊதணும். புல்லாங்குழல் சரிதான். நிமிர்ந்து உக்காரு. ஒரு நாளைக்குக் கால் மணி நேரத்துல ஆரம்பி. விலாவுல சுருக்குனு வலிச்சா நிறுத்திட்டு எக்ஸ்ரே எடுக்கணும்."

"சரி சார்."

"ஆறு மாசம் கழிச்சு இங்க வந்து ஊதிக் காட்டணும்."

"புல்லாங்குழலா சார்?"

"ஸ்பைரோமீட்டர்ல!"